பன்னிரண்டாம் பக்கம்

கதையில் ஒரே வரிதான்:
“ஏரியைக் குடித்த பூதம் அழுதது.”
எழுதியவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.
எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று.

முதல் பதினொரு பக்கமும் தடையில்லாமல் வந்தன.
பூதத்தின் வயிறு,
வேளச்சேரியில் திரும்ப முடியாமல்
சாலையை அடைத்து நின்ற
தண்ணீர் லாரியிடம் வாங்கியது.
காது, மழைக்குப் பின் எங்கள் மாடிச் சுவரில்
உப்பிக் கழன்ற சுண்ணாம்பு.
பல்வரிசைக்குப் பாரிமுனையில்
பாதி இறக்கிய ஷட்டர்கள்.
நடை மட்டும்
29சி-யிலிருந்து இறங்கிய ஏழுமாதக் கர்ப்பிணியுடையது:
ஒரு கை கம்பியில், ஒரு கை இடுப்பில்,
பின்னால் ஹாரன் அடிப்பவனைச் சட்டை செய்யாமல்.

திருட்டு என்றால் திருட்டுதான்.
என் நோட்டுக்குள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள்.
ஒருவருக்கும் தெரியாது.

அழுகைதான் வரவில்லை.

கண்ணுக்குக் கீழே இரண்டு துளி வைத்தேன்.
வெங்காயம் உரித்த பூதம்.
வாயைக் கோணலாக்கினேன்.
பல்வலி.
டேப்லெட்டில் போட்டதையெல்லாம்
ஒவ்வொன்றாகப் பின்வாங்கி
பூதம் பிறப்பதற்கு முந்தைய
வெள்ளைக்கே வந்து சேர்ந்தேன்.
கடைசியில் கண்ணாடி முன் நானே அழுது பார்த்தேன்.
எதிர்வீட்டு ரெஜினா கதவைத் தட்டினாள்.
“அக்கா, எல்லாம் ஓகேவா?”
பூதம், என்றேன்.
அதன் பிறகு அவள்
நான் இருக்கும் லிஃப்டில் ஏறுவதில்லை.

பதிப்பாசிரியர் அமலோற்பவம்
காலையும் மாலையும் ஒரு கேள்விக்குறி அனுப்புவார்.
வெறும் கேள்விக்குறி.
வளைவு நன்றாயிருந்தது.
பூதத்தின் குடுமிக்கு எடுத்துக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் விடியுமுன்
காசிமேட்டுக்குப் போனது படத்துக்காக அல்ல.
தங்கை மகளுக்குப் பிறந்தநாள்,
வஞ்சிரம் வேண்டும்.
ஏலக் கூச்சல், டீசல் வாடை,
காலடியில் செதில் மினுங்கும் சேறு.
தலையில் சாக்கு, சாக்கின்மேல் பனிப்பாளம்,
ஒருவர் என்னைத் தாண்டிப் போனார்.
முகம் பார்க்கவில்லை.
முதுகைப் பார்த்தேன்.

உருகிய நீர் பிடரியில் பிரிந்து
முதுகுத்தண்டின் பள்ளத்தில் மறுபடி கூடி
லுங்கியில் காணாமல் போய்
குதிகாலில் சொட்டியது.
அவர் அழவில்லை.
இயர்போனில் யாரிடமோ
சிரித்துப் பேசிக்கொண்டுதான் போனார்.
முதுகில் மட்டும்
ஓர் ஏரி இறங்கிக்கொண்டிருந்தது.

கைப்பையில் கரண்ட் பில் இருந்தது.
பேனா ஈரத்தில் ஓடவில்லை.
கண்மை பென்சிலால் வரைந்தேன்.

மூன்றாவது நடையில் அவரே நின்றார்.
பெயர் தேசப்பன்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“நானா இது?”
பூதம், என்றேன், கொஞ்சம் பயத்தோடு.
“அப்ப சரி.”
போகப் போனவர் திரும்பினார்.
“செருப்பு எங்கம்மா?
ஐஸ்ல வெறுங்கால்ல நின்னு பாரு.
பூதமா இருந்தாலும் அழுதுடும்.”

குனிந்து பார்த்தேன்.
நீல ரப்பர் செருப்பு.
இடது வார் அறுந்து
ஊக்கு குத்தியிருந்தது.

வஞ்சிரம் வாங்க மறந்து வீடு வந்தேன்.

இப்போது பன்னிரண்டாம் பக்கத்தில்
வற்றிய ஏரியைப் பார்த்தபடி
நமக்கு முதுகு காட்டி நிற்கிறது பூதம்.
முகமில்லை. துளியில்லை.
பிடரியிலிருந்து குதிகால்வரை
ஒரே ஒரு நீலக்கோடு.
அது நடுங்காமல் வந்தபோது அழகாக இருந்தது,
அதனால் அழித்தேன்.
நடுங்கி வந்ததை வைத்துக்கொண்டேன்.

இரவு பதினொன்றேகாலுக்கு
அமலோற்பவத்திடமிருந்து
முதல்முறையாகச் சொற்கள்:
“அழுகை சரி.
பூதத்துக்குச் செருப்பு எதுக்கு?
அதுல ஊக்கு வேறயா?”

பதில் எழுதுகிறேன், அழிக்கிறேன்.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்
ஊக்கின் வளைவில்
ஒரு வெளிச்சப் புள்ளி வைக்காமல்
விட்டிருக்கிறேன்.
பதில் கிடக்கட்டும்.